தேக்கா, பலாவா: சாப்பாட்டு மேசை செய்யக் கொடுக்கும் முன்

கேள்வி: திருநெல்வேலி வாசகர், 2024 மே 12

புது வீட்டுக்கு ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை செய்யக் கொடுக்கப்போகிறோம். 6 அடிக்கு 4 அடி, தேக்கு, மேலே கண்ணாடி. ஆசாரியோ, "தேக்குக்குக் கொடுக்கும் பணம் வீண், என்னிடம் நல்ல பலா இருக்கிறது" என்கிறார். பலா என்றதும் மாமனார் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். தேக்கைத் தவிர வேறு மரத்தில் செய்த மேசை பத்து ஆண்டுகூடத் தாங்காது என்பது என் எண்ணம். தவறென்றால் சொல்லுங்கள். சாப்பாட்டு அறை 11 அடிக்கு 10 அடி.

2024 மே 12, இரவு

தவறுதான். எங்கள் நாகர்கோவில் வீட்டில் இருப்பது பலா மேசை. அதற்கு வயது ஐந்துதான் என்பதால் அதைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு முறை போய்வாருங்கள். தக்கலைக்குப் பக்கத்தில், உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். அங்கே மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில், ஏகாந்த மண்டபத்தில், பூவேலைப்பாடு நிறைந்த தூண் ஒன்று நிற்கிறது. அது பலா. அந்தக் கட்டடத்தை 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். தஞ்சாவூர் வீணையையும் பலாவில்தான் குடைகிறார்கள். உங்கள் மாமனார் வீட்டில் வீணை இருந்தால் அதைத் தட்டிக் காட்டுங்கள்.

ஆனால் உங்கள் ஆசாரியிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் பலா எப்போது விழுந்தது? எப்போது பலகையாக அறுத்தார்கள்? அறுத்த பிறகு எங்கே, எப்படி அடுக்கி வைத்திருந்தார்கள்? இந்த மூன்றுக்கும் அவர் தடுமாறாமல் பதில் சொன்னால் பலாவையே எடுங்கள். தடுமாறினால் அவர் தேக்கே கொடுத்தாலும் வேண்டாம். ஈரத் தேக்கை விடக் காய்ந்த பலா நூறு மடங்கு மேல்.

2024 மே 13, காலை

நேற்று மரத்தைப் பற்றிய கோபத்தில் அளவைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். 4 அடி அகலம் வேண்டவே வேண்டாம்.

தலைவாழை இலை ஒன்றை வாங்கிவந்து தரையில் விரியுங்கள். எதிரே இன்னொன்று. ஓர் இலை சுமார் 2 அடி நீளம், ஓர் அடிக்குச் சற்று மேல் அகலம். இரண்டு இலைக்கும் நடுவே சாம்பார்ச் சட்டி, பொரியல் பாத்திரம், தண்ணீர்ச் செம்பு வைக்க முக்கால் அடி இருந்தால் போதும். மொத்தம் 3 அடி. 4 அடி போட்டால் நடுவில் இருக்கும் ஊறுகாய்ப் பாட்டிலை எடுக்க ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்க வேண்டும். நம் வீடுகளில் ஒருவர் நின்று பரிமாறுகிறார். அவர் இந்தப் பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கத்து இலைக்குக் கரண்டியை நீட்டினால் எட்ட வேண்டும். 4 அடி மேசையில் கை எட்டாது, புடவை முந்தானைதான் குழம்பில் எட்டும்.

நீளத்துக்கும் இலையே அளவு. ஆளுக்கு 2 அடி. பக்கத்துக்கு மூன்று பேர் என்றால் 6 அடி. பக்கத்துக்கு இரண்டு, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒவ்வொருவர் என்றால் 5 அடியே போதும்.

2024 மே 14

"ஆண்டுக்கு மூன்று முறை இலை போடுகிறோம், அதற்காக மேசையின் அளவையே தீர்மானிப்பதா?" என்று மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம், அதற்காகத்தான். தட்டில் சாப்பிடும் நாட்களில் எந்த மேசையும் போதும். பொங்கலுக்கும் அப்பா திதிக்கும் ஆட்கள் கூடும்போது போதவில்லை என்றால், சொல்லிச் செய்த மேசை என்று எதற்குச் செய்வது? இலை வேண்டாம் என்றால் எவர்சில்வர் தட்டையும் டம்ளரையும் வைத்து அளந்து பாருங்கள். அதே 2 அடிதான் வரும், ஏனென்றால் அளவைத் தீர்மானிப்பது தட்டு அல்ல, முழங்கை.

அறைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நாற்காலியை இழுத்து உட்காரவும், பின்னால் ஒருவர் பாத்திரத்தோடு போகவும் மேசை விளிம்பிலிருந்து சுவர் வரை 3 அடி வேண்டும். 10 அடி அகல அறையில் 3 அடி மேசை போட்டால் இரு பக்கமும் மூன்றரை அடி கிடைக்கும், தாராளம். 11 அடி நீளத்தில் 5 அடி மேசை என்றால் சரியாக 3, 3. கொஞ்சம் நெருக்கினால் ஐந்தரை அடி வரை போகலாம். 6 அடி போட்டால் கால்மாட்டில் உட்காருகிறவர் எழும்போது சுவரில் இடிப்பார். மேசை வாங்கும் முன் பழைய செய்தித்தாள்களை ஒட்டி அந்த அளவில் தரையில் விரித்து இரண்டு நாள் நடந்து பாருங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அம்மா மூன்றாவது நாள் தாளை மடித்து எடுத்துவிட்டார், அதற்குள் எனக்கு விடை கிடைத்துவிட்டது.

2024 மே 19

என் மேசையின் கதையைக் கேட்டிருந்தார்கள். எழுதுகிறேன், இது நீளும். அதில் உங்களுக்குப் பயன்படும் ஒரு தவறும் இருக்கிறது.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். எங்கள் பழைய வீட்டுக் கிணற்றடியில் நின்ற வருக்கைப் பலா அன்று வேரோடு சாய்ந்தது. அப்பாவின் அப்பா நட்டது. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் மாவட்டம் முழுக்க இருந்தன. விழுந்த மரத்துக்காக வருந்துவது தகாது என்று அப்பா வாயே திறக்கவில்லை. ஆனால் விறகுக்குக் கேட்டு வந்தவரிடம், தரமாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

2018 தை மாதம் மரத்தை அறுவை மில்லுக்குக் கொண்டுபோய் 2 அங்குலப் பலகைகளாக அறுத்தோம். புதிதாக அறுத்த பலா மஞ்சள் கரைத்தது போல இருக்கும். பௌத்தத் துறவிகளின் துணிக்குச் சாயமேற்றுவதற்கு இந்த மரத்தின் சிராய்களைக் காய்ச்சுவார்கள் என்று படித்திருந்தேன், அன்று கண்ணால் கண்டதும் நம்பினேன். பழைய மாட்டுக்கொட்டிலில் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி, பலகைக்குப் பலகை நடுவே ஒரே அளவுக் குச்சிகளை வைத்து, காற்று போக அடுக்கினோம். மேலே கூரை உண்டு, பக்கங்கள் திறப்பு. அதுவரை எல்லாம் சரி.

2019 ஆவணியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். அதற்குள் மேசை வர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது காற்றில் காய வைப்பதற்குப் பெரியவர்கள் சொல்லும் கணக்கு. 2 அங்குலத்துக்கு இரண்டு ஆண்டாவது வேண்டும். எங்கள் பலகைக்கு இருபது மாதங்கூட ஆகவில்லை. வேலையை எடுத்துக்கொண்டவர் விரலால் தட்டிப் பார்த்து, "மணி போலக் கேட்கிறது, காய்ந்துவிட்டது" என்றார். நானும் தட்டினேன், எனக்கும் மணி போலத்தான் கேட்டது. மேசை வந்தது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு.

2020 மாசி மாதம், ஓர் இரவு, தேங்காய் உடைத்தது போலச் சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் மேற்பலகையின் நடுவே 2 அடி நீளத்துக்கு விரிசல். அம்மா ஏதோ சகுனம் என்று பயந்தார். அப்பா அந்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டே நின்றார். நான் விடியும் வரை தூங்கவில்லை.

வில்லுக்குறிப் பக்கத்திலிருந்து எழுபது வயதைத் தாண்டிய ஆசாரி ஒருவரை நண்பர் அழைத்து வந்தார். அண்ணாச்சி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். விரிசலை அவர் பார்க்கவே இல்லை. நேராக மேசைக்கு அடியில் படுத்தார். திருகாணிகளை எண்ணினார். பதினான்கு. மேற்பலகையைச் சட்டத்தோடு பசை தடவி, சுற்றிலும் திருகாணி முறுக்கி இறுக்கியிருந்தது. அதோடு இரு முனையிலும் குறுக்காக வைத்த முனைச்சட்டத்தையும் முழு அகலத்துக்கும் பசை போட்டு ஒட்டியிருந்தது. "இப்படிக் கட்டிப் போட்டால் மரம் எங்கே போகும்?" என்று அடியிலிருந்தே கேட்டார்.

அவர் அன்று கரித்துண்டால் தரையில் வரைந்து விளக்கியதைத்தான் இன்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. அகலவாக்கில், காற்றில் ஈரம் கூடினால் விரியும், குறைந்தால் சுருங்கும். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிப் போகும் திசையில் ஏற்படும் அசைவு, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஆனியிலிருந்து தென்மேற்குப் பருவம், ஐப்பசியில் வடகிழக்கு. தை, மாசியில் வறட்சி. ஆவணி ஈரத்தில் விரிந்திருந்த பலகையைப் பூட்டியிருக்கிறோம். மாசியில் அது சுருங்கப் பார்த்தது. விளிம்புகளைத் திருகாணி விடவில்லை, அதனால் நடுவில் பிளந்தது.

அவர் மேற்பலகையைப் பிரித்தார். ஓர் ஆண்டு அதைத் தம் பட்டறையிலேயே வைத்துக்கொண்டார், நான் எவ்வளவு கேட்டும் தரவில்லை. 2021இல் விரிசலோடு அறுத்து, விளிம்பை இழைப்புளியால் சீர் செய்து, மறுபடி ஒட்டினார். அகலத்தில் அரை அங்குலம் போயிற்று. இந்த முறை பலகையைச் சட்டத்தோடு சேர்க்கப் பசையும் இல்லை, இறுக்கிய திருகாணியும் இல்லை. சட்டத்தின் உட்புறம் நீளப் பள்ளமாகக் காடி ஒன்றை வெட்டினார். ஒரு முனையில் நாக்குப் போல நீட்டிய சிறு மரத்துண்டுகளை மேற்பலகையின் அடியில் பொருத்தி, அந்த நாக்குகளைக் காடிக்குள் உட்கார வைத்தார். பலகை மேலே எழும்பாது, பக்கவாட்டில் நகரும். முனைச்சட்டத்துக்கு நடுவில் மட்டும் பசை, இரு ஓரமும் நீள்துளைக்குள் முளை.

2024 மே 19, இரவு

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். முதல் ஆசாரியின் மீது பழியைப் போட்டது போல இருக்கிறது. அவசரப்படுத்தியவன் நான். "இன்னும் ஆறு மாதம் பொறுங்கள்" என்று அவர் ஒரு முறை சொன்னார், அதையும் எழுதியிருக்க வேண்டும். திருகாணியை இறுக்கியது அவர் தவறு. நாள் குறித்தது என் தவறு. கிரகப்பிரவேச நாளுக்குள் மேசையைக் கேட்காதீர்கள். முதல் நாள் பாயில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

2024 மே 21

விரலால் தட்டுவது போதாது என்றால் காய்ந்ததை எப்படி அறிவது என்று கேள்வி.

அதே அடுக்கிலிருந்து முழங்கை நீளத் துண்டு ஒன்றை அறுத்து வாங்குங்கள். முனையில் அறுக்காமல், பலகையின் உட்பகுதியிலிருந்து அறுக்கச் சொல்லுங்கள். முனை முதலில் காயும், அது ஏமாற்றும். சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை போட்டுத் துண்டின் மேலேயே பென்சிலால் தேதியோடு குறியுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் மரம் இன்னும் தண்ணீர் விடுகிறது. நான்கு வாரம் ஒரே எடையில் நின்றால் உங்கள் ஊர்க் காற்றோடு அது சமாதானம் ஆகிவிட்டது. பெரிய பட்டறைகளில் ஈரப்பதமானி வைத்திருப்பார்கள். 12 சதவீதத்துக்குள் காட்டினால் மனநிறைவோடு வேலையைத் தொடங்கலாம்.

2024 மே 26

கன அடிக் கணக்கு. ஈரோட்டிலிருந்து எழுதியவரிடம் ஐந்தரை அடி மேசைக்கு, நாற்காலி இல்லாமல், 9 கன அடி மரம் என்று கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். நாமே போட்டுப் பார்ப்போம்.

மேற்பலகை ஐந்தரைக்கு 3 அடி. பதினாறரைச் சதுர அடி. ஒன்றரை அங்குலப் பலகையை இழைத்து ஒன்றேகால் அங்குலமாக்குவார்கள். எனவே ஒன்றரையைப் போடுங்கள்: 16.5 பெருக்கல் 1.5, வகுத்தல் 12. ஏறக்குறைய 2.06 கன அடி. கால்கள் 3 அங்குலத்துக்கு 3 அங்குலம், இரண்டரை அடி உயரம், நான்கு கால்: 0.63. சுற்றுச் சட்டம் மொத்தம் 15 அடி நீளம், 3 அங்குல அகலம், ஒன்றேகால் கனம்: 0.39. கூட்டினால் 3 கன அடிதான். ஆக 3 கன அடி போதும்.

2024 மே 27

நேற்றைய கடைசி வரியைத் திருத்துகிறேன். 3 கன அடி என்பது சேதாரம் இல்லாத கணக்கு. கணு வரும், பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதி வரும், முனையில் வெடிப்பு இருக்கும், இழைத்தால் சுருளாகப் போகும். மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள். 4 கன அடி, கையை இறுக்கிப் பிடிக்காமல் சொன்னால் நாலரை. 9 என்பதற்கு எந்த வழியிலும் கணக்கு வராது. ஈரோட்டுக்காரர் வெட்டுப்பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும்: எந்தத் துண்டு, எவ்வளவு நீளம், அகலம், கனம். நேர்மையான பட்டறைக்கு அதை எழுதிக் கொடுக்கக் கால் மணி நேரம் போதும்.

உருட்டு மரமாக வாங்குகிறவர்களுக்கு வேறு கணக்கு. சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். எங்கள் பலா 5 அடிச் சுற்று, 9 அடி நீளம்: ஒன்றேகால் பெருக்கல் ஒன்றேகால் பெருக்கல் 9, சுமார் 14 கன அடி. உருளையாகக் கணக்கிட்டால் அதே கட்டை ஏறக்குறைய 18 வரும். நான்கு போய்விட்டதே என்று பதற வேண்டாம், பட்டையும் வளைவும் அறுவைத்தூளும் போவதற்காக அந்தக் காலத்திலேயே விட்டுக்கொடுத்த கணக்கு அது. வாங்குகிறவருக்குச் சாதகமானதுதான்.

2024 ஜூன் 9

மேலே கண்ணாடி போடுவது பற்றி. வேண்டாம் என்று சொல்லிப் பலர் வருத்தத்தைச் சம்பாதித்திருக்கிறேன், இருந்தாலும் வேண்டாம். கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு துளி தண்ணீர் போனால் வெளியே வர வழியில்லை. வெள்ளை வளையம் விழும், பிறகு கறுக்கும். எவர்சில்வர் பாத்திரத்தைக் கண்ணாடி மேல் வைக்கும் சத்தமும் எனக்குப் பொறுக்காது. அதை விட்டுவிட்டாலும், தாத்தா நட்ட மரத்தில் மேசை செய்து அதைத் தொட முடியாமல் மூடி வைப்பது என்ன நியாயம்?

பூச்சுக்கு இரண்டு வழி. பாலியூரித்தேன் போன்ற மேல்படலம் போட்டால் மஞ்சளும் தண்ணீரும் இறங்காது. ஆனால் என்றாவது ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரி செய்வது கடினம், முழுப் பலகையையும் தேய்த்துத்தான் மறுபூச்சு. ஆளிவிதை எண்ணெய் போன்ற காயும் எண்ணெயை ஊட்டினால் மரத்தைக் கையில் உணரலாம். கறை பட்ட இடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மறுபடி எண்ணெய் போடலாம். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை உட்கார்ந்து செய்ய வேண்டும், சூடான பாத்திரத்துக்குக் கட்டாயம் மணை வேண்டும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு முதலாவது. எங்கள் வீட்டில் இரண்டாவது. தேங்காய் எண்ணெய் இந்த வேலைக்கு ஆகாது, அது காயாது, பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கிறது. கசக்கிப் போட்ட துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

2024 ஜூன் 10

முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாமா? உத்திரத்துக்குப் பூசுவார்கள், கறையான் அண்டாது. சாப்பாட்டு மேசைக்குப் பூசவே கூடாது. பச்சையாகப் பட்டால் தோல் வெந்து கொப்புளம் போடும். இதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை.

2024 ஜூன் 11

வேங்கையைப் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். வலுவில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஈரம் பட்டால் சாயம் இறங்கும் மரம். வேங்கைக் குவளையில் தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். டம்ளர் நனைந்து நிற்கும் மேசைக்கு நான் அதை எடுக்க மாட்டேன். கட்டிலுக்கு எடுங்கள்.

2024 ஜூலை 7

தேக்கைப் பற்றி முதல் நாள் நான் பேசிய தொனி சரியில்லை என்று இரண்டு மாதமாக மனத்தில் உறுத்துகிறது. தேக்கு வீண் பெருமை இல்லை. அதன் உடம்பிலேயே எண்ணெய் இருக்கிறது. வைரப் பகுதியை, அதாவது மரத்தின் கெட்டியான உட்பகுதியை, கறையான் தொடுவது அரிது. மரங்களில் அசைவு குறைந்த கூட்டத்தைச் சேர்ந்தது. 1840களில் நிலம்பூரில் தேக்கைத் தோட்டமாகவே நட்டார்கள் என்றால் கப்பல் கட்ட அதற்கு அப்படி ஒரு தேவை இருந்தது. அந்தத் தோட்டத்தில் எஞ்சிய மரங்களை இன்றும் நின்று பார்க்கலாம், நான் போய்ப் பார்த்து ஒரு மணி நேரம் பேசாமல் நின்றேன்.

ஆகவே என் மனத்தாங்கல் தேக்கோடு இல்லை, தேக்கு என்ற பெயரை விற்பவர்களோடுதான். "பர்மா தேக்கு" என்று இன்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். உருட்டு மரத்தை ஏற்றுமதி செய்வதை மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்த தூணும் உத்திரமும் கதவும் விற்கிறார்கள். அங்கே உண்மையான பழைய பர்மா மரம் கிடைக்கலாம், அது நூறு ஆண்டு காய்ந்தது வேறு. அந்த மாதிரி மரத்தை வாங்கினால் உள்ளே உடைந்த ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் ஆசாரியின் ரம்பம் போய்விடும்.

புதிய தேக்கு என்றால் இளம் மரம் வருகிறது. அதில் வெளுத்த வெள்ளைப் பகுதி நிறைய. சாயம் தேய்த்து வைரத்தோடு சேர்த்துவிடுவார்கள். அந்த வெள்ளைதான் உளுத்துப்போகும். தேக்கின் வெள்ளைக்கும் தேக்கு என்றுதான் பெயர், ஆனால் தேக்கின் குணம் அதில் இல்லை. பலகையின் அடிப்பக்கத்தை இழைப்புளியால் ஒரு சீவு சீவச் சொல்லுங்கள். நல்ல தேக்கில் பழந்தோல் போன்ற ஒரு வாசனை எழும், தொட்டால் மெழுகு தடவியது போல இருக்கும். குறுக்குவெட்டு முனையில் ஆண்டு வளையம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். சாயம் பூசியது என்றால் ஒரே சீவில் நிறம் மாறிவிடும். பூச்சு போட்ட பிறகு போய்ப் பார்ப்பதில் பயன் இல்லை. வேலை நடக்கும்போது இரண்டு முறையாவது பட்டறைக்குப் போங்கள், போகும்போது டீ வாங்கிப் போங்கள்.

2024 ஆகஸ்ட் 18

நாற்காலியை யாரும் கேட்கவில்லை, எனக்கு அதுதான் முக்கியம்.

எங்கள் அம்மா நாற்காலியில் ஒரு காலை மடித்து வைத்துத்தான் சாப்பிடுவார். உங்கள் வீட்டிலும் ஒருவர் அப்படி இருப்பார். கடை மேசைகளில் சுற்றுச் சட்டம் 4, 5 அங்குலம் இறங்கியிருக்கும், மடித்த முழங்கால் இடிக்கும். அம்மா இடியை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்ல மாட்டார், மெல்லத் தட்டை எடுத்துக்கொண்டு தரைக்குப் போய்விடுவார். அண்ணாச்சி இதை நான் சொல்லாமலே கேட்டார்: "வீட்டில் சம்மணம் போடுகிறவர்கள் உண்டா?"

அவர் வைத்த அளவு: மேசை உயரம் 30 அங்குலம். மேற்பலகை ஒன்றேகால். சட்டம் இரண்டரை. நாற்காலி இருக்கை 17. நடுவே ஒன்பதேகால் அங்குலம் கிடைக்கிறது. இருக்கை 20 அங்குல அகலம், கைப்பிடி கிடையாது. சட்டத்தின் அகலம் குறைந்ததால் காலின் துளைக்குள் நுழையும் முனையான கழுந்து சிறிதாகிவிடும், மேசை ஆடும். அதற்கு ஈடாக மூலைக்கு மூலை உட்புறம் குறுக்குக் கட்டை கொடுத்தார். ஐந்து மேசைக்கடைகளில் ஏறி இறங்கியிருக்கிறேன், சம்மணம் போடுகிறவர்கள் உண்டா என்று ஒருவரும் கேட்டதில்லை. சொல்லிச் செய்வதற்கு வேறு காரணமே வேண்டாம்.

சுவர்ப் பக்கம் இரண்டு நாற்காலிக்குப் பதில் ஒரு விசுப்பலகை போடுங்கள். பிள்ளைகள் மூன்று பேர் நெருங்கி உட்காருவார்கள்.

2024 அக்டோபர் 20

நெல்லை வாசகர் எழுதியிருக்கிறார். பலா என்றே முடிவு. ஐந்தரைக்கு 3 அடி. ஆசாரி அந்த மரத்தை அறுத்து மூன்று ஆண்டு ஆயிற்றாம், பலகை முனைகளில் அறுத்த ஆண்டைத் தாரால் எழுதி வைத்திருக்கிறார். மாமனாரைப் பத்மநாபபுரத்துக்கு அழைத்துப் போனாராம். அவர் தூணைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மேல்மாடியும் கீழ்மாடியுமாக இரண்டாயிரம் பேர் அந்தக் காலத்தில் உட்கார்ந்து உண்ட அன்னதான மண்டபத்தில் நின்று, "இத்தனை பேரும் தரையில்தானே சாப்பிட்டார்கள், மேசையே எதற்கு?" என்று கேட்டாராம். அதற்கு என்னிடமும் பதில் இல்லை. அவருக்கு முழங்கால் வலி வரும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் தேவையும் இல்லை.

கூலியை மொத்தமாகப் பேசுவதா, நாள்கூலியா என்று கேட்கிறார். மரம் உங்களுடையது என்றால் நாள்கூலி. மொத்தமாகப் பேசினால் வேலை ஓடும், காடி வெட்டுவதற்குப் பதில் திருகாணி இறங்கும்.

2025 பிப்ரவரி 16

நேற்று எங்கள் மேசையின் முனைச்சட்டத்தை அளந்தேன். போன ஆடி மாதம் மேற்பலகை சட்டத்தின் முனையைவிட 2 மில்லிமீட்டர் வெளியே நின்றது. இப்போது 2 மில்லிமீட்டர் உள்ளே போயிருக்கிறது. ஆக 4 மில்லிமீட்டர் நடமாட்டம். விரிசல் இல்லை. பழைய விரிசல் ஓடிய இடத்தில் ஒட்டு எது என்று கண்டுபிடிக்க நான் விளக்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மஞ்சள் போய்த் தேன்நிறம் வந்துவிட்டது, அப்பா உட்காரும் இடம் மட்டும் கொஞ்சம் கூடக் கறுத்திருக்கிறது.

2025 பிப்ரவரி 23

நெல்லை மேசை வந்துவிட்டது. ஆசாரி ரசமட்டம் வைத்துக் காட்டிவிட்டுப் போனாராம். இவர் இலையைப் போட்டு ரசத்தையே ஊற்றிப் பார்த்திருக்கிறார், எந்தப் பக்கமும் ஓடவில்லை. ஒரு கால் மட்டும் ஆடுகிறது, அறுத்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டார். அறுக்கக் கூடாது. நான்கு காலும் சரியாக இருந்தும் தரை ஓரிடத்தில் பள்ளமாக இருந்தால் ஆடத்தான் செய்யும். காலை அறுத்தால் நாளை வேறு இடத்துக்கு நகர்த்தும்போது மறுபடி ஆடும். மேசையைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தலைமாட்டைக் கால்மாடாக மாற்றி, ஜன்னல் பக்கம் கைப்பிடி அளவு நகர்த்தியதும் நின்றுவிட்டதாம்.

மாமனார் எங்கே உட்காருகிறார் என்று கேட்டிருந்தேன். விசுப்பலகையில், காலை மடித்து.